முன்வரிசையில் மூன்றாமவர்

நான் கண்ணால் கண்டதையும், காதால் கேட்டதையும், கையெழுத்தாக என்னிடம் இருப்பதையும் மட்டுமே இங்கே எழுதுகிறேன். பிறர் சொன்னவற்றுள் இருவர் தனித்தனியே உறுதி செய்தவற்றை ஏற்றுக்கொண்டேன். ஒருவர் மட்டும் சொன்னவற்றை விட்டுவிட்டேன். அதனால் சுவையான சில செய்திகள் விடுபட்டுள்ளன. இங்கே நான் எழுதும் பெண்மணி, என் உடன்பணியாளர், இளமையில் தேவாலயப் பாடற்குழுவில் முதற்குரலாக இருந்தார் என்று ஒருவர் சொன்னார். அதைச் சேர்த்தால் சித்திரம் மென்மையாகும். ஆயினும் உறுதிப்படாத ஒரு சொல் ஒரு படத்தின் கீழே அச்சேறிவிட்டால் என்னென்ன செய்யும் என்பதை அவர் பொருட்டே நான் கண்டிருக்கிறேன். ஆகவே அதை விட்டுவிட்டேன். அவருடைய பெயரையும் எழுதவில்லை. அது எனக்குத் தெரியும், ஆனால் அவர் குடும்பத்தார் வேண்டாம் என்றனர்.

ஆழ்வார்பேட்டையில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் பதிப்பகம் இயங்கியது. பழைய ஒளிப்படங்களைத் திரட்டி நூல்களாகவும் கண்காட்சிப் பலகைகளாகவும் ஆக்கித் தருவது எங்கள் தொழில். நான் பதிப்பாசிரியன். அவர் படக்குறிப்பு எழுதுபவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். சாந்தோமில் பல தலைமுறையாக வாழும் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, தேவாலயத்தின் பங்குப் பள்ளியில் பதினெட்டு ஆண்டுகள் வரலாறு கற்பித்துவிட்டு எங்களிடம் வந்தார். பள்ளியில் ஒட்டிக்கொண்ட ‘மிஸ்’ என்னும் அழைப்பு இங்கும் அவரை விடவில்லை. மருந்துக்கடைக்காரர் முதல் எங்கள் முதலாளி வரை எல்லாருக்கும் அவர் மிஸ்.

சென்னை நாள் வரும் ஆகஸ்டு நெருங்கினால் இந்த நகரத்துக்குத் தன் பழைய உருவத்தின்மீது திடீர்க் காதல் பிறக்கும். விடுதிகளும் வங்கிகளும் நகைக்கடைகளும் பழுப்பேறிய படங்களைக் கேட்டு வரும். குதிரை வண்டி, டிராம், தொப்பியணிந்த துரைமார், குடை பிடித்த சீமாட்டிகள். அப்படங்களின் கீழே ‘துரையும் பணியாட்களும்’ என்ற அளவில் ஒரு வரி இருந்தால் எவருக்கும் குறை இராது. மிஸ் அப்படி எழுதமாட்டார். படத்தை மேசைமேல் விரித்ததும் நாற்காலியில் வீற்றிருப்பவரின் முகத்தை ஓர் அட்டைத் துண்டால் மூடுவார். அதன்பின் உருப்பெருக்கியை எடுத்துக்கொண்டு படத்தின் விளிம்பிலிருந்து உள்நோக்கி வருவார். குதிரையின் கடிவாளத்தைப் பிடித்திருப்பவர், தூணுக்குப் பின்னால் பாதி தெரிபவர், விசிறிக் கயிற்றை இழுப்பவர் என ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இடுவார். பெயர் தெரிந்தால் பெயர். தெரியாவிட்டால், ‘பெயர் தெரியவில்லை’ என்று ஆள்தோறும் தனித்தனியே எழுதுவார். எட்டுப் பேர் என்றால் எட்டு முறை. கடைசியில்தான் அட்டைத் துண்டை எடுப்பார்.

கடற்கரையை ஒட்டிய ஒரு விடுதிக்கு இவ்வாறு ஒரு பலகை செய்தோம். ஒரு நீதிபதி, அவர் மனைவி, ஒரு நாய், அவர்களைச் சூழ எட்டுப் பேர். படத்தின் பின்புறம் நீதிபதியின் பெயரும், மனைவியின் பெயரும், நாயின் பெயரும் மையால் எழுதப்பட்டிருந்தன. நாயின் பெயர் ரூபி. மிஸ் அதையும் குறிப்பில் சேர்த்திருந்தார். விடுதியின் மேலாளர் நேரில் வந்துவிட்டார்.

“மேடம், சாப்புட வர்றவங்க பாக்கற எடம் இது. எட்டுத் தடவ தெரியல தெரியலன்னு இருந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாங்க? வேலைக்காரங்கன்னு ஒரே வார்த்தையில முடிச்சிடுங்களேன்.”

“வேலைக்காரங்கன்னு உங்களுக்கு யாரு சார் சொன்னது?”

“பின்னால நிக்கறாங்களே மேடம்.”

“நீங்களுந்தான் இப்ப நிக்கறீங்க.”

மேலாளர் சிரித்தார். மிஸ் சிரிக்கவில்லை. பலகையை அவர்கள் பெற்றுக்கொண்டனர். உணவுக்கூடத்தில் மாட்டாமல், கழிவறைக்குச் செல்லும் நடையில் மாட்டினர். நான் போய்ப் பார்த்திருக்கிறேன்.

படங்களின் கறையையும் கீறலையும் கணினியில் நீக்கித் துலக்குபவர் ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, வெளியே சென்னைத் தமிழ். அவரைப் பாய் என்றே அழைப்போம். மிஸ்ஸின் நிதானத்தைக் கேலி செய்யும் உரிமை அலுவலகத்தில் அவருக்கு மட்டும் இருந்தது.

“இன்னா மிஸ், நீங்க ஒரு படத்துக்கு எழுதி முடிக்கறதுக்குள்ள அந்தத் தொரையே எழுந்து வந்து எல்லார் பேரும் சொல்லிட்டுப் பூடுவான் போல.”

“அவனுக்கும் தெரியாது பாய். தெரிஞ்சா எழுதியிருப்பான்ல, நாய்க்கு எழுதின மாதிரி.”

பஞ்சப் படம் எங்கள் மேசைக்கு வந்தது இதற்குப்பின். 1876இல் தொடங்கிய தாது ஆண்டுப் பஞ்சத்தில், ஒரு நிவாரண முகாமில் எடுக்கப்பட்டது. ஒரு சுவரின் முன்னே பதினொருவர். பின்வரிசையில் ஐவர் நிற்கின்றனர். முன்வரிசையில் ஆறு பேர் தரையில் அமர்ந்திருக்கின்றனர். உடம்பு என்று சொல்ல எதுவும் மிஞ்சாதவர்கள். உயரத்துக்கேற்ப அவர்களை யாரோ வரிசைப்படுத்தியிருக்கிறார்கள். முன்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக ஒரு பெண். அவள் மடியில் ஒரு பெண்குழந்தை. எடுத்தவர் ஓர் ஆங்கிலேய அதிகாரி. அவருடைய பெயரும், பதவியும், கண்ணாடித் தகட்டின் அளவும் மூலப்படத்தை வைத்திருக்கும் அயல்நாட்டுக் காப்பகத்தின் பட்டியலில் உள்ளன. சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் குவிந்து கிடந்த காலம் அது. இன்று பஞ்சம் என்னும் சொல்லோடு எந்த ஊரில் எந்த ஆண்டில் ஒரு கட்டுரை வந்தாலும் இந்தப் பதினொருவரையே கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். வங்கத்துக்கும் இவர்களே, வேறு கண்டத்துக்கும் இவர்களே.

பாய் திரையில் படத்தைத் துலக்கிக்கொண்டிருந்தார். நானும் மிஸ்ஸும் பின்னால் நின்றோம்.

“மிஸ், இந்த அம்மா தோள்பட்டையாண்ட ஒரு கறை கீது. தூக்கிடட்டா?”

“பெருசு பண்ணுங்க.”

பாய் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். நான்கு விரல்கள்.

“பின்னால யாரோ குந்திக்கினு புட்சிக்கினு கீறாங்க மிஸ்,” என்றார் பாய். அவர் குரலில் கேலி இல்லை. “வுட்டா சாஞ்சிடும் அந்தம்மா. படம் எடுக்கறதுக்கோசரம் புட்சிக்கினு கீறாங்க.”

“தூக்காதீங்க,” என்றார் மிஸ்.

அன்று அவர் எழுதிய குறிப்பு என்னிடம் உள்ளது. அதன் இறுதி வரி: ‘மூன்றாமவரைப் பின்னிருந்து தாங்கும் கையைக் காண்க, கை எவருடையது எனத் தெரியவில்லை.’

இக்குறிப்போடு அப்படம் ஒருமுறை காட்சிக்கு வைக்கப்பட்டது. மறு ஆண்டு மயிலாப்பூரில் ஓர் அரங்கில் பஞ்சத்தைப் பற்றி மட்டும் பெரியதொரு கண்காட்சி அமைத்தோம். பலகைகளின் மெய்ப்பு, அச்சுக்குமுன் திருத்துவதற்காக, என் மேசைக்கு வந்தது. பதினொருவரில் பத்துப் பேருக்கு முன்போலவே ‘பெயர் தெரியவில்லை’. மூன்றாமவருக்கு மட்டும் ‘பச்சையம்மாள்’ என்றிருந்தது.

நான் அதை இருமுறை படித்தேன். மகிழ்ச்சியாக இருந்தது என்பதையும் மறைக்கக்கூடாது. எங்கே கிடைத்தது என்று கேட்கவில்லை. தெரியாது என்பதை ஓராயிரம் முறை கூசாமல் எழுதியவர் ஒருமுறை தெரியும் என்று எழுதினால் அதை ஐயுறத் தோன்றாது. வேறு எவர் எழுதியிருந்தாலும் ஆதாரம் கேட்டிருப்பேன். ஒப்பமிட்டு அச்சுக்கு அனுப்பினேன்.

கண்காட்சியின் நான்காம் நாள், மேற்கு மாம்பலத்திலிருந்து ஒருவர் வந்தார். ரயில்வேயில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தப் பலகையின்முன் நெடுநேரம் நின்றிருந்தார். பிறகு நானும் மிஸ்ஸும் அமர்ந்திருந்த மேசைக்கு வந்தார்.

“இந்தப் பேர எழுதினது யாருங்க?”

“நான்தான்,” என்றார் மிஸ்.

“எங்க தாத்தாவோட ஆயா பேரு பச்சையம்மாங்க. செங்கல்பட்டாண்ட ஊரு. பஞ்சத்துல பெரிய புள்ளைய சொந்தக்காரங்க வூட்ல வுட்டுட்டு, பொண்ணத் தூக்கிக்கினு கஞ்சி ஊத்தற முகாமுக்குப் போனாங்களாம். திரும்பி வரவே இல்ல. அந்தப் பெரிய புள்ள வழிதான் நாங்க. வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு மொத எலை அவங்களுக்குத்தான் போடுவோம். மொகம்தான் தெரியாம இருந்துச்சு.”

அந்தப் பெயர் அக்காலத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு இருந்த பெயர். முகாம்களும் பல. இதைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். சொல்ல வேண்டியவர் மிஸ்தான். அவர் எழுந்து தம் நாற்காலியை வந்தவரின் பக்கம் நகர்த்தினார்.

“உக்காருங்க,” என்றார்.

அடுத்த வாரம் அவரும் அவருடைய தமக்கையும் அலுவலகத்துக்கு வந்து, வீட்டில் மாட்ட ஒரு படி கேட்டனர். தாயும் குழந்தையும் மட்டும் போதும், மற்றவர்கள் வேண்டாம் என்றனர். பாய் திரையில் வெட்டிக் காட்டினார். தமக்கை குனிந்து பார்த்தார்.

“இது இன்னா தோள்மேல? யாரோட கை?”

“தெரியலம்மா,” என்றார் பாய்.

“யாருன்னு தெரியாதவன் கைய வெச்சுக்கினு வூட்ல எப்டி மாட்றது? எடுத்துடு.”

பாய் திரும்பி மிஸ்ஸைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மறுப்பார் என்றே இருவரும் எண்ணினோம்.

“எடுத்துடுங்க பாய்,” என்றார் மிஸ்.

பாய் உடனே எடுக்கவில்லை. “மிஸ், அன்னிக்கு நீங்கதான்...” என்று தொடங்கி நிறுத்திக்கொண்டார். பிறகு சுவரின் ஒரு பகுதியை நகலெடுத்து விரல்களின்மேல் பரப்பினார். ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது.

அதன்பின் நடந்தவை என் கையிலோ மிஸ்ஸின் கையிலோ இல்லை. ஒரு தொலைக்காட்சியைச் சேர்ந்தவர்கள் மேற்கு மாம்பலத்து வீட்டுக்குப் போய், “இந்த மொகத்த பாக்கும்போது உங்களுக்கு எப்டி ஃபீல் ஆவுது?” என்று அந்த முதியவரைக் கேட்டார்கள். அவர் அழுதார். அவர் அழுதது பல்லாயிரம் கைப்பேசிகளில் ஓடியது. ஒரு கட்சியினர் கோடம்பாக்கத்தில் அந்தப் பெண்ணின் உருவத்தை நெகிழிப் பலகையில் அச்சிட்டுக் கட்டினர். அதிலும் கை இல்லை. பஞ்சத்தின் முகத்துக்குப் பெயர் கிடைத்துவிட்டது என்று எல்லாரும் எழுதினர். இறுதியாக, மூலப்படத்தை வைத்திருக்கும் காப்பகத்திலிருந்து ஒரு மடல் வந்தது. பெயரைத் தங்கள் பட்டியலில் சேர்க்க விரும்புவதாகவும், ஆதாரத்தைத் தெரிவித்தால் நன்றியுடையவர்களாக இருப்பதாகவும் மிகப் பணிவாக எழுதியிருந்தார்கள்.

நண்பகலில் மிஸ் உணவுப் பெட்டியைத் திறந்துகொண்டிருந்தபோது சொன்னேன்.

“மிஸ், அந்தப் பேருக்கு ஆதாரம் கேக்கறாங்க.”

“யாரு?”

“படம் வெச்சிருக்கறவங்க.”

“எடுக்கறப்பவே அவங்க கேட்டிருந்தா இப்ப நம்மள கேக்க வேணாமே.”

“அது சரி மிஸ். நான் என்ன பதில் எழுதறது?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “மெய்ப்பு நீங்கதானே பாத்தீங்க. அப்ப ஏன் கேக்கல?”

“நீங்க எழுதினா சரியா இருக்கும்னு...”

“ம்,” என்றார். உண்ணாமலே பெட்டியை மூடினார். “தேடித் தர்றேன்.”

தரவில்லை. மூன்று வாரம் வழக்கம்போல் அலுவலகத்துக்கு வந்தார். பிற படங்களுக்குக் குறிப்பெழுதினார். நான் மீண்டும் நினைவூட்டவில்லை. அதன்பின் வயிற்று நோய் என்று விடுப்பெடுத்தார். அது எளிய நோயன்று எனப் பிறகு தெரிந்தது. மருத்துவமனையில் இருமுறை பார்த்தேன். இரண்டாம் முறை பாயும் உடன் வந்தார். “சீக்கிரம் வாங்க மிஸ், தொரைங்க எல்லாம் பேரோட காத்துக்கினு கீறாங்க,” என்றார் பாய். மிஸ் சிரித்தார், சிரிப்பது அவருக்கு வலித்தது. நான் ஆதாரத்தைப் பற்றிப் பேசவில்லை. இரக்கத்தால் பேசாதிருந்தேனா, விடையை அஞ்சிப் பேசாதிருந்தேனா என்பதை என்னாலேயே உறுதி செய்ய இயலவில்லை. நான்காம் மாதம் அவர் இறந்தார்.

ஒவ்வொரு படத்துக்கும் அவர் ஓர் உறை வைத்திருந்தார். குறிப்பில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் உறைக்குள் ஒரு தாள்துண்டு இருக்கும்: மேலே செய்தி, கீழே அது கிடைத்த இடம், பக்க எண், பார்த்த நாள். பஞ்சப் படத்தின் உறையை அவர் மறைந்த மறுவாரம் திறந்தேன். முகாமுக்கு ஒரு துண்டு, அதிகாரிக்கு ஒரு துண்டு, தகட்டின் அளவுக்கு ஒரு துண்டு. நான்காவது துண்டில் ‘பச்சையம்மாள்’ என்று அவருடைய கையெழுத்தில் இருந்தது. அதன் கீழே ஒன்றும் எழுதப்படவில்லை.

சனிக்கிழமைகளில் அவர் தேவாலயப் பங்கு அலுவலகத்தில் பழைய பதிவேடுகளைப் பார்த்துவந்தார் என்று பாயும் மிஸ்ஸின் தங்கையும் தனித்தனியே சொன்னதால் அங்கேயும் போனேன். அலுவலக எழுத்தர் அலமாரியைத் திறந்துவிட்டார்.

“மிஸ்ஸா? மழையானாலும் வருவாங்க சார். இதோ இந்த பெஞ்சுல குந்திக்கினு எழுதிக்கினே இருப்பாங்க. எத எழுதினாங்கன்னு நான் பாக்கல.”

பஞ்ச ஆண்டுகளின் பதிவேட்டில், சாகும் தறுவாயில் ஞானஸ்நானம் பெற்றவர்களுக்கென்று தனிப் பகுதி இருந்தது; அவர்களுடைய முன்னைப் பெயருக்கு ஒரு பத்தியும் இருந்தது. கடற்காற்றின் ஈரத்தால் பாதிப் பக்கங்கள் ஒட்டிப்போயிருந்தன. பிரிந்த பக்கங்களில் நான்கு பச்சையம்மாள்களைக் கண்டேன். நால்வரில் ஒருவர் மிஸ் கண்ட பச்சையம்மாளாக இருக்கலாம். ஒட்டிய பக்கங்களில் இன்னும் எத்தனை பேரோ! ஆனால் பதிவேட்டில் உள்ள பெயரிலிருந்து சுவரின்முன் அமர்ந்திருக்கும் முகத்துக்குச் செல்ல வழியில்லை. இதை என்னைவிட நன்கு அறிந்தவர் மிஸ்.

ஆதாரம் கிடைக்கவில்லை என்று காப்பகத்துக்கு எழுதினேன். அவர்கள் பெயரைச் சேர்க்கவில்லை. எங்கள் பலகையில் அந்தப் பெயரின்மேல் நானே ஒரு தாளை ஒட்டினேன். எஞ்சியது மேற்கு மாம்பலம். மடலில் சொல்வது முறையன்று என்று நேரில் சென்றேன்.

இருப்புப்பாதையை ஒட்டிய சந்தில், முதல் மாடியில் வீடு. மின்வண்டி கடக்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக் காத்திருக்க வேண்டும். கூடத்தின் கிழக்குச் சுவரில் படம் மாலையோடு இருந்தது. குழந்தையின் நெற்றியிலும் கண்ணாடியின்மேல் ஒரு பொட்டு வைத்திருந்தார்கள். கை இல்லாததால் அந்தப் பெண் தானாகவே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பவளைப் போலத் தோன்றினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பெயருக்கு ஆதாரம் இல்லை, எழுதியவர் இறந்துவிட்டார், பிழை என்னுடையதுமாகும் என்றேன். தமக்கை இடையே குறுக்கிடாமல் கேட்டார்.

“அப்போ இது யாரு?”

“தெரியாதும்மா.”

“தெரியாதுன்னா எங்க ஆயாவாவும் இருக்கலாம்ல?”

“இருக்கலாம்.”

“அப்றம் இன்னாத்துக்கு வந்தே நீ?”

“சும்மா இரு அக்கா,” என்றார் தம்பி. என் பக்கம் திரும்பினார். “சார், படத்த எடுத்துக்கினு போவ வந்தீங்களா?”

“இல்லீங்க.”

“எடுத்துக்கினு போறதுன்னா போங்க சார். ஆனா ஒண்ணு. இத்தினி வருசம் மொகமே இல்லாம எலை போட்டோம். இப்ப ஒரு மொகத்தக் குடுத்துட்டீங்க. இந்த வருசம் எலை போடறப்ப நான் யார நெனைக்கறது? அத மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

ஒரு மின்வண்டி கடந்தது. தமக்கை உள்ளே எழுந்து போய்விட்டார். படம் சுவரிலேயே இருக்கிறது. நான் புறப்பட்டபோது இருந்தது.

தெரியாதவை இவை. மிஸ் அந்தப் பெயரைப் பதிவேட்டில் கண்டாரா, தாமே இட்டாரா என்பது தெரியாது. கண்டிருந்தால், அதை மூன்றாமவரின் கீழே எழுதத் துணிந்தது ஏன் என்பது தெரியாது. கையை நீக்கச் சொன்னபோது அவர் என்ன எண்ணினார் என்பதைப் பாயும் அறியார், நானும் அறியேன். தாள்துண்டின் அடிப்பகுதியைப் பிறகு நிரப்ப நினைத்திருந்தாரா என்பதற்குச் சான்றில்லை. மடியில் இருக்கும் பெண்குழந்தையின் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. மேற்கு மாம்பலத்துக் குடும்பத்திலும் தங்கள் ஆயா தூக்கிச்சென்ற குழந்தையின் பெயர் வழங்கி வரவில்லை. அதை அவர்களிடம் நான் கேட்கும்வரை, மிஸ் உட்பட எவரும் கேட்டிருக்கவில்லை.